"ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள்" என்ற வரியை எடுத்துவிடுங்கள்: கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும், கல்லூரி இணையதளங்களைக் கட்டித் தந்து பராமரிப்பவர்களுக்கும் வணக்கம்.

சேர்க்கைக் காலத்தில் பல கல்லூரி இணையதளங்களில் விண்ணப்பப் படிவத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: "மின்னஞ்சல் வரவில்லை என்றால் ஸ்பேம் பெட்டியையும் பார்க்கவும்." அந்த வரி தேவைப்படாத நிலைக்கு உங்கள் டொமைனை (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) கொண்டுவாருங்கள் என்று கேட்கவே இம்மடல். ஓடிபி, பாஸ்வேர்ட் மாற்றும் லிங்க், விண்ணப்ப எண், கட்டண ரசீது, ஹால் டிக்கெட் அறிவிப்பு இவையெல்லாம் மாணவர் பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருக்கும் மெயில்கள். கேட்டு வாங்கும் மெயிலே ஸ்பேமில் விழுகிறது என்றால், பெரும்பாலும் ஜிமெயிலின் கெடுபிடி அதற்குக் காரணமில்லை. அனுப்பியது நீங்கள்தான் என்று சொல்ல உங்கள் டொமைனில் சாட்சி இல்லை. அந்தச் சாட்சியை வைக்கும் அதிகாரம் டொமைன் உரிமையாளருக்கு மட்டுமே உண்டு. மாணவராலும் முடியாது, கூகுளாலும் முடியாது.

எஸ்எம்எஸ் அனுப்புவதற்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி டிஎல்டி பதிவேட்டில் பதிவு, ஹெடர் (அனுப்புநர் பெயர்), டெம்ப்ளேட் (செய்தி வாசகம்) ஒப்புதல் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறீர்கள். வாங்காவிட்டால் செய்தி போகாது என்பதால் வாங்கினீர்கள். மின்னஞ்சலுக்கு அப்படி ஓர் அலுவலகம் கிடையாது. உங்கள் டொமைனின் விவரங்களை இணையத்துக்குச் சொல்லும் டிஎன்எஸ்தான் பதிவேடு. அதில் ஒன்றும் எழுதாவிட்டாலும் மெயில் போய்க்கொண்டுதான் இருக்கும். எங்கே போகிறது என்பதுதான் கேள்வி, அதை அலுவலகத்தில் யாரும் கேட்பதில்லை.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் விதிகளை இறுக்கிவிட்டன. ஜிமெயிலைப் பொறுத்தவரை, ஒரே ஒரு மெயில் அனுப்புபவராக இருந்தாலும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் (டிஎன்எஸ்ஸில் வைக்கும் சாட்சிகள்; விளக்கம் கீழே) இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும், அனுப்பும் ஐபி முகவரிக்குத் தலைகீழ் டிஎன்எஸ் பதிவு (ஐபி எண்ணிலிருந்து சர்வரின் பெயரைச் சொல்வது) இருக்க வேண்டும், இணைப்பு டிஎல்எஸ் மறையாக்கத்தில் போக வேண்டும். தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயில் அளவுக்கு அனுப்பும் டொமைன் என்றால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (இதன் விளக்கமும் கீழே) மூன்றும் கட்டாயம். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டும் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு இதே 5,000 கணக்கை வைத்து ஏறக்குறைய இதே நிபந்தனைகளைக் கொண்டுவந்தது. "எங்கள் கல்லூரி அவ்வளவு அனுப்பாது" என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். துணை டொமைன்களிலிருந்து போவதும் தாய் டொமைன் கணக்கில்தான் சேரும். தேர்வு முடிவு வரும் நாளில் மாணவருக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று என்று போனால் 2,500 மாணவர் உள்ள கல்லூரியே எல்லையைத் தொட்டுவிடும். ஒரு நாள் தாண்டினால் போதும், கூகுள் அந்த டொமைனை மொத்தமாக அனுப்புவோர் பட்டியலிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்கிறது.

கோளாறு எங்கே தொடங்குகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறோம். மின்னஞ்சலில் அனுப்புநர் முகவரி இரண்டு உண்டு. தபாலில் உறையின் மேல் எழுதுவது ஒன்று, உள்ளே கடிதத் தாளின் தலைப்பில் அச்சிட்டிருப்பது இன்னொன்று என்பது போல. உறை முகவரியைச் சர்வர்கள் மட்டுமே பார்க்கும். சேராத மெயில் அங்கேதான் திரும்பி வரும். மாணவர் கண்ணில் படுவது 'ஃப்ரம்' என்ற தலைப்பு முகவரி. பிஎச்பி என்ற நிரல் மொழியின் மெயில் ஃபங்ஷனை அப்படியே அழைக்கும் தளங்களில் ஃப்ரம் முகவரியாகக் கல்லூரி டொமைனைப் போட்டிருப்பார்கள். உறையிலோ வெப் சர்வரின் பயனர் பெயரும் ஹோஸ்டிங் கம்பெனி அந்த மெஷினுக்கு வைத்த பெயரும் இருக்கும். டிகேஐஎம் கையொப்பமும் இருக்காது. மெயிலைப் பெற்று வாங்கும் சர்வரின் பார்வையில், யாரோ ஒருவர் உங்கள் கல்லூரி லெட்டர்ஹெட்டைப் பயன்படுத்துகிறார், அவ்வளவுதான். வேர்ட்பிரஸ் மென்பொருளில் கட்டிய தளமாக இருந்து எதையும் மாற்றாமல் விட்டிருந்தால் ஃப்ரம் முகவரி 'வேர்ட்பிரஸ்' என்ற பெயரில் உங்கள் டொமைனிலிருந்து போகும். அப்படி ஒரு மெயில்பாக்ஸே உங்களிடம் இருக்காது.

இதற்கு வழி, வெப் சர்வரைத் தானாக மெயில் அனுப்ப விடாமல், பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து ஒரு முறையான எஸ்எம்டிபி சர்வர் (மெயில் அனுப்புவதற்கென்றே உள்ள சர்வர்) வழியாக அனுப்புவது. போர்ட் (இணைப்பு எண்) 587 அல்லது 465. வேர்ட்பிரஸில் எஸ்எம்டிபி ப்ளக்இன் ஒன்று போட்டால் போதும். தனியாக எழுதிய பிஎச்பி தளம் என்றால் பிஎச்பிமெயிலர் நூலகம் இருக்கிறது. அந்த எஸ்எம்டிபி சர்வர் எது என்பது அளவைப் பொறுத்தது. கூகுள் வொர்க்ஸ்பேஸ் கணக்கு வழியாக ஒரு பயனர் ஒரு நாளைக்கு 2,000 மெயில் வரை அனுப்பலாம். சாதாரண ஜிமெயில் கணக்கில் 500தான். சேர்க்கை நாட்களில் இது மதியத்துக்குள் தீர்ந்துவிடும், அதன்பின் யாருக்கும் ஓடிபி போகாது. அதனால் ஓடிபியும் ரசீதும் அனுப்ப அமேசான் எஸ்இஎஸ் போன்ற அனுப்பும் சேவை ஒன்றை எடுப்பதே நல்லது. எஸ்இஎஸ்ஸில் புதுக் கணக்கு சாண்ட்பாக்ஸ் என்ற சோதனை நிலையில்தான் தொடங்கும்: 24 மணி நேரத்தில் 200 மெயில், அதுவும் முன்பே சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். அதிலிருந்து வெளியேற விண்ணப்பிக்க வேண்டும். சேர்க்கை திறக்கும் காலையில் இதைக் கண்டுபிடிப்பது பெரிய தலைவலி.

இனி டிஎன்எஸ் பதிவுகளுக்கு வருவோம்.

எஸ்பிஎஃப் என்பது உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு உரிமை உண்டு என்ற பட்டியல். டிஎன்எஸ்ஸில் டிஎக்ஸ்டி என்ற உரை வகைப் பதிவாக இருக்கும். இது சோதிப்பது உறை முகவரியை மட்டுமே. இங்கே அதிகம் நடக்கும் தவறு, ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் பதிவு வைப்பது. மெயில்பாக்ஸ் அமைத்தவர் ஒன்று போட்டிருப்பார், பிறகு வந்த இணையதளக்காரர் தன் பங்குக்கு இன்னொன்று போடுவார். இரண்டு இருந்தால் வாங்கும் சர்வர் இரண்டையும் சேர்த்துப் படிக்காது. நிரந்தரப் பிழை என்று முழுவதையும் தள்ளிவிடும். வேறு சேவைகளின் பட்டியலைச் சேர்க்கும் 'இன்க்ளூட்'கள் எல்லாம் ஒரே வரிக்குள் வர வேண்டும். அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது: அந்த வரியைப் படித்து முடிக்க மொத்தம் 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் ஆகக் கூடாது. ஒரு இன்க்ளூடுக்குள் இன்னும் சில ஒளிந்திருக்கும்; அவையும் கணக்கில் சேரும். ஐபி முகவரியை நேரடியாக எழுதினால் தேடல் கிடையாது. பழைய எஸ்எம்எஸ் கம்பெனி, எப்போதோ விட்ட நியூஸ்லெட்டர் சேவை, முந்தைய ஹோஸ்டிங் என்று சேர்ந்துபோனவற்றை நீக்கினாலே பெரும்பாலும் எண்ணிக்கை 10க்குள் வந்துவிடும். வரியின் கடைசியில் 'டில்டே ஆல்' (~all: பட்டியலில் இல்லாதவரைச் சந்தேகி) அல்லது 'மைனஸ் ஆல்' (-all: மறுத்துவிடு) இருக்கலாம். 'பிளஸ் ஆல்' (+all) என்று இருந்தால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்று நீங்களே எழுதிக்கொடுத்ததாக அர்த்தம். "மெயில் போகவில்லை" என்ற புகாருக்கு இதையே தீர்வாகப் போட்டுவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

டிகேஐஎம் இதைவிட உறுதியானது. அனுப்பும் சர்வர் ஒவ்வொரு மெயிலிலும் ஒரு கையொப்பம் இடுகிறது. அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி உங்கள் டிஎன்எஸ்ஸில் இருக்கும். மாணவர் தன் கல்லூரி முகவரிக்கு வருவதைச் சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் செய்திருந்தால் எஸ்பிஎஃப் தோற்றுப்போகும், ஏனென்றால் கடைசியில் கொண்டுவந்து கொடுப்பது வேறு சர்வர். டிகேஐஎம் தாக்குப்பிடிக்கும். சாவி 2,048 பிட் நீளத்தில் இருக்கட்டும். அந்த நீளத்தில் ஒரு சிக்கல் வரும்: டிஎக்ஸ்டி பதிவில் ஒரு சரத்தில் 255 எழுத்துக்கு மேல் போகாது என்பதால் சாவியை இரண்டு மூன்று மேற்கோள் சரங்களாகப் பிரித்து ஒரே பதிவில் வைக்க வேண்டும். சில டிஎன்எஸ் பேனல்கள் தாமே பிரித்துக்கொள்ளும், சில சத்தமில்லாமல் 255வது எழுத்தில் வெட்டிவிடும். பதிவின் பெயரிலும் ஒரு கண்ணி உண்டு. பல பேனல்கள் நீங்கள் எழுதும் பெயருக்குப் பின்னால் டொமைனைத் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். நீங்களும் முழுப் பெயரை ஒட்டினால் டொமைன் இரண்டு முறை வந்து, அந்தப் பதிவு யாராலும் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் போய் உட்காரும். டிஎன்எஸ்ஸைக் கிளவுட்ஃப்ளேர் சேவையில் வைத்திருப்பவர்கள் டிகேஐஎம்முக்கான சிநேம் (வேறொரு பெயரைச் சுட்டும்) பதிவுகளில் ப்ராக்ஸியைக் காட்டும் ஆரஞ்சு மேகத்தை அணைத்துச் சாம்பல் நிறத்துக்கு மாற்ற வேண்டும். கூகுள் வொர்க்ஸ்பேஸ் வாங்கிவிட்டால் இது தானாக நடந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நிர்வாகப் பக்கத்தில் சாவியை உருவாக்கி, டிஎன்எஸ்ஸில் பதிந்து, திரும்பி வந்து 'தொடங்கு' என்று அழுத்தும் வரை உங்கள் டொமைன் பெயரில் கையொப்பம் விழாது.

இந்த இரண்டையும் ஃப்ரம் முகவரியோடு கட்டிப்போடுவது டிமார்க். எஸ்பிஎஃப் தேறிய உறை டொமைனோ, டிகேஐஎம் கையொப்பமிட்ட டொமைனோ, இரண்டில் ஒன்றாவது ஃப்ரம் டொமைனோடு ஒத்துப்போக வேண்டும். "எஸ்பிஎஃப் பாஸ், டிகேஐஎம் பாஸ், ஆனாலும் டிமார்க் ஃபெயில்" என்று குழம்புபவர்களின் விடை இங்கேதான் இருக்கிறது: இரண்டும் அனுப்பும் சேவையின் சொந்த டொமைனுக்குப் பாஸ் ஆகியிருக்கும், உங்கள் டொமைனுக்கு இல்லை. சேவையின் அமைப்புப் பக்கத்தில் உங்கள் டொமைனைச் சரிபார்த்து அதற்கென டிகேஐஎம் பதிவுகளை வாங்கிப் போட்டால் தீரும்.

டிமார்க்கை 'பி=நன்' (p=none) என்ற கொள்கையோடு தொடங்குங்கள். அப்போது தோற்கும் மெயில் மீது நடவடிக்கை எதையும் கோரமாட்டீர்கள். அறிக்கை மட்டும் வரும். அறிக்கை வரவேண்டிய முகவரியை அதே பதிவில் எழுத வேண்டும், இதில் பலர் தங்கள் சொந்த ஜிமெயில் முகவரியைப் போட்டுவிட்டு ஒன்றுமே வரவில்லை என்று காத்திருக்கிறார்கள். வேறு டொமைனுக்கு அறிக்கை போக வேண்டுமென்றால் அந்த டொமைன் தன் டிஎன்எஸ்ஸில் சம்மதம் எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஜிமெயில் உங்களுக்காக அதைச் செய்யாது. கல்லூரி டொமைனிலேயே ஒரு முகவரி திறந்து அதைப் போடுங்கள். வருபவை சுருக்கிய எக்ஸ்எம்எல் கோப்புகள். கண்ணால் படிக்க முடியாது, பிரித்துக்காட்டும் இலவசக் கருவிகள் உண்டு. இரண்டு மூன்று வாரம் பார்த்தால் உங்கள் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்று தெரியும். இணையதளம், கட்டண கேட்வே, நூலக மென்பொருள், மூடுல் என்ற இணையவழிப் பாட மென்பொருள், விடுதி அலுவலகம் தனியாக வாங்கிய ஏதோ ஒன்று, எல்லாம் வரிசையாக வெளியே வரும். இந்தப் பட்டியல் கையில் வராமல் கொள்கையை 'குவாரன்டைன்' (ஸ்பேமில் போடு), 'ரிஜெக்ட்' (ஏற்காதே) என்று ஏற்றினால் கட்டண ரசீதை நீங்களே வெட்டிவிடுவீர்கள்.

ஃப்ரம் முகவரியில் ஜிமெயில் டொமைனை வைத்து உங்கள் சர்வரிலிருந்து அனுப்புவது இப்போது நேரடித் தோல்வி. கல்லூரியின் பழைய ஜிமெயில் முகவரி எல்லாருக்கும் தெரியும் என்பதால் அதையே போடுகிறார்கள். அதைப் பதில் போகும் முகவரியான 'ரிப்ளை டு'வில் போடுங்கள், ஃப்ரம்மில் வேண்டாம். தொடர்புப் படிவத்திலும் இதே நோய் உண்டு: படிவத்தை நிரப்பியவரின் முகவரியை ஃப்ரம்மாக வைத்து முதல்வர் அலுவலகத்துக்கு அனுப்பும் தளங்கள் ஏராளம். நிரப்பியவருக்குப் பதிலளிக்க வசதி என்று செய்தது. வாங்கும் சர்வருக்கு அது ஆள்மாறாட்டம். அங்கேயும் நிரப்பியவர் முகவரி ரிப்ளை டுவில்தான் இருக்க வேண்டும்.

படிவ மெயில் ஸ்பேமில்கூட இல்லாமல் அடியோடு காணாமல் போனால் வேறொன்றைப் பாருங்கள். இணையதளம் சிபேனல் என்ற நிர்வாகப் பலகை உள்ள ஹோஸ்டிங்கில், மெயில்பாக்ஸ் கூகுளில் என்று பிரிந்திருக்கும் இடங்களில், ஹோஸ்டிங் சர்வர் உங்கள் டொமைன் மெயில் தன்னிடமே இருப்பதாக நினைத்து உள்ளேயே போட்டுக்கொள்ளும். சிபேனலில் 'ஈமெயில் ரூட்டிங்' பகுதியில் 'ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சர்' என்று மாற்றினால் சரியாகும்.

சொந்த விபிஎஸ் (உங்களுக்கெனத் தனியாக ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) வைத்து அதிலேயே மெயில் சர்வர் நடத்துவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். நடத்தித்தான் ஆக வேண்டும் என்றால் சில விஷயங்கள். தலைகீழ் டிஎன்எஸ் பதிவை உங்கள் டொமைன் பேனலில் தேடாதீர்கள். அது ஐபி முகவரியின் சொந்தக்காரரான ஹோஸ்டிங் நிறுவனத்தின் பக்கத்தில் இருக்கும். ஐபியிலிருந்து பெயர், பெயரிலிருந்து அதே ஐபி என்று இரண்டு பக்கமும் பொருந்த வேண்டும். சர்வருக்கு ஐபிவி6 என்ற புதுவகை ஐபி முகவரியும் இருந்து அதற்குத் தலைகீழ்ப் பதிவு இல்லை என்றால், ஐபிவி4 எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஜிமெயில் திருப்பி அனுப்பும். ஒன்று பதிவு வைக்க வேண்டும், அல்லது மெயிலை ஐபிவி4 வழியாக மட்டும் போகச் சொல்ல வேண்டும். அமேசானும் கூகுள் கிளவுடும், சர்வர்கள் தங்களுக்குள் மெயில் பரிமாறும் போர்ட் 25ஐ வெளியே போகவிடாமல் முன்னிருப்பாகவே அடைத்து வைத்திருக்கின்றன. ஸ்பேமைத் தடுக்க ஐபிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பட்டியலில் உங்கள் ஐபி இருந்தால் எந்தப் பட்டியல் என்று பாருங்கள். பிபிஎல் என்றால் நீங்கள் தப்பு செய்ததாகப் பொருளில்லை, அந்த ஐபி வரம்பு நேரடியாக மெயில் அனுப்பும் வகையைச் சேர்ந்ததல்ல என்றுதான் பொருள். எக்ஸ்பிஎல் என்றால் மெஷினில் ஏதோ புகுந்திருக்கலாம், முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். பெயர் நீக்க ஸ்பாம்ஹவுஸ் பணம் கேட்பதில்லை. நீக்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

உள்ளடக்கத்தைப் பற்றிப் பேசும்போது "ஃப்ரீ என்ற சொல்லைத் தவிர்", "ஆச்சரியக்குறி போடாதே" போன்ற அறிவுரைகள் உலவுகின்றன. மேலே சொன்ன பதிவுகள் சரியாக இருந்தால் அவற்றுக்கெல்லாம் பெரிய மதிப்பில்லை. தமிழில் அனுப்புபவர்கள் கவனிக்க வேண்டிய வேறு சங்கதிகள் இருக்கின்றன, அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சப்ஜெக்ட் வரியில் தமிழை அப்படியே போடக் கூடாது. அது யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவில், பேஸ்64 முறையில் (வெறும் ஆங்கில எழுத்து, எண்களாக மாற்றுவது) குறியாக்கம் செய்த துண்டுகளாகப் போக வேண்டும். ஒரு துண்டு அதன் முன்னும் பின்னும் வரும் குறிகளையும் சேர்த்து 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. தமிழில் ஒவ்வொரு குறியெண்ணும் (எழுத்துக்கும் அதன் துணைக்குறிக்கும் யூனிகோடு தனித்தனியே தரும் எண்) 3 பைட் எடுத்துக்கொள்வதால் ஒரு துண்டில் 15 குறியெண்கள்தான் அடங்கும். 'கு' என்பது பார்வைக்கு ஓர் எழுத்து, கணக்கில் இரண்டு. "விண்ணப்பம் ஏற்கப்பட்டது" என்ற சின்ன சப்ஜெக்ட்கூட இரண்டு துண்டாகும். கையால் வெட்டி ஒட்டும் நிரல்கள் ஒரு குறியெண்ணின் நடுவில், அதன் 3 பைட்டுகளுக்கு இடையே வெட்டிவிடும். சப்ஜெக்டில் கறுப்பு வைரக் கேள்விக்குறி தெரிவது இதனால்தான். பிஎச்பிமெயிலரில் எழுத்துக்குறி அமைப்பை யூடிஎஃப்-8 என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் வெட்டும் வேலையை அதுவே ஒழுங்காகச் செய்துகொள்ளும். முன்னிருப்பு அமைப்பு வேறு என்பதால் அந்த ஒரு வரியைச் சொல்லத்தான் வேண்டும்.

மெயிலின் உள்ளே வரும் செய்திக்கும் பேஸ்64 நல்லது. கோட்டட் பிரிண்டபிள் என்ற மற்றொரு குறியாக்க முறையில் ஒரு பைட் மூன்று எழுத்தாகும், எனவே ஒரு தமிழ்க் குறியெண்ணுக்கு 9 எழுத்து, பேஸ்64இல் 4தான். இது சிக்கனத்துக்காக மட்டும் சொல்வதல்ல. மெயிலில் ஒரு வரி 998 எழுத்தைத் தாண்டக் கூடாது. எச்டிஎம்எல் டெம்ப்ளேட்டைச் சுருக்கி ஒரே நீள வரியாக, குறியாக்கம் எதுவும் இல்லாமல் அனுப்பினால் வழியில் ஏதாவது ஒரு சர்வர் வரியை உடைக்கும். உடைத்த கணத்தில் டிகேஐஎம் கையொப்பம் செல்லாததாகிவிடும். "சில மெயில் மட்டும் டிகேஐஎம் ஃபெயில் ஆகிறது, காரணம் தெரியவில்லை" என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இது ஒன்று. கையொப்பத்துக்குப் பிறகு மெயிலின் அடியில் பொறுப்புத்துறப்பு வாசகம் ஒட்டும் வைரஸ் தடுப்புப் பெட்டி இன்னொன்று.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த சுற்றறிக்கையை டெம்ப்ளேட்டில் ஒட்டாதீர்கள். வாங்குபவர் மெஷினில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், ஸ்பேம் வடிகட்டிக்கும் அப்படியே தெரியும். சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து ஒரே படமாக அனுப்புவதும் உதவாது. எச்டிஎம்எல் பகுதியோடு அதே செய்தியின் வெற்று உரைப் பகுதியும் மெயிலுக்குள் இருக்கட்டும். லிங்க்குகள் ஃப்ரம் டொமைனுக்கே போகட்டும். சுருக்கிய லிங்க் வேண்டாம், ஐபி எண்ணை நேரடியாகக் காட்டும் லிங்க் வேண்டவே வேண்டாம். ஹால் டிக்கெட்டைப் பாஸ்வேர்ட் போட்ட ஜிப் கோப்பாக இணைக்காமல், உள்நுழைந்து எடுத்துக்கொள்ளும் லிங்க்கைக் கொடுங்கள். திறக்க முடியாத ஜிப்பை எந்த வடிகட்டியும் நல்ல எண்ணத்தோடு பார்ப்பதில்லை.

உங்கள் படிவத்தையே ஸ்பேம் அனுப்பப் பயன்படுத்துகிறார்கள் என்பது பல நிர்வாகங்களுக்குத் தெரியாது. 'பெயர்' என்ற இடத்தில் ஒரு விளம்பர வாசகமும் லிங்க்கும், 'மின்னஞ்சல்' என்ற இடத்தில் யாரோ ஒருவரின் முகவரியும் போட்டு பாட் (தானியங்கி நிரல்) ஒன்று நிரப்பும். உங்கள் சர்வர் பணிவோடு "அன்புள்ள" என்று தொடங்கி அந்த விளம்பரத்தை, உங்கள் டிகேஐஎம் கையொப்பத்தோடு, அந்த மூன்றாம் ஆளுக்கு அனுப்பி வைக்கும். அவர் ஸ்பேம் பட்டனை அழுத்துவார். கெட்ட பெயர் உங்கள் டொமைனுக்கு. பெயர் இடத்தில் 60 எழுத்துக்கு மேல் வாங்காதீர்கள். லிங்க் போலத் தெரிவதை மறுத்துவிடுங்கள். புதுவரிக் குறிகளை நீக்குங்கள். நீக்காவிட்டால் அந்த இடத்தின் வழியாகக் கூடுதல் பெறுநர்களையே நுழைத்துவிட முடியும். கேப்சா வையுங்கள். ஒரு முகவரிக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து மெயிலுக்கு மேல் போகாதபடி பூட்டுங்கள்.

கூகுள் எதிர்பார்ப்பது, அதன் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் (அனுப்புநருக்கான கண்காணிப்புக் கருவி) காட்டும் ஸ்பேம் புகார் வீதம் 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஒருபோதும் 0.3ஐத் தொடக் கூடாது என்பது. ஆயிரம் பேர் இன்பாக்ஸில் மூன்று பேர் பட்டனை அழுத்தினால் 0.3. இதை வைத்துப் பார்த்தால் பிரவுசிங் சென்டர் முகவரிகள் ஒரு தனித் தொல்லை. சொந்த மெயில் இல்லாத மாணவருக்காகச் சென்டர்காரர் தன் முகவரியையே பல விண்ணப்பங்களில் போட்டுவிடுவார்; அதன்பின் நான்கு வருடமும் அத்தனை மாணவர்களின் அறிவிப்பும் அவருக்கே போகும். அவர் ஸ்பேம் என்று குறிப்பதில் வியப்பில்லை. ஒரே முகவரி மூன்றாவது விண்ணப்பத்தில் வரும்போதே படிவம் தடுக்கட்டும். விண்ணப்பத்தின் முதல் படியாகவே ஓடிபி கொண்டு முகவரியைச் சரிபாருங்கள். 'ஜிமெயில்' என்பதில் எழுத்து மாறியது, 'டாட் காம்' என்பது 'டாட் கான்' ஆனது எல்லாம் அங்கேயே சிக்கும். 5 என்று தொடங்கும் பிழை எண்ணோடு, முகவரியே இல்லை என்று திரும்பி வந்தால் அதற்கு மறுபடி அனுப்பாதீர்கள். எஸ்இஎஸ்ஸில் திரும்பி வரும் வீதம் 5 சதவீதத்தை எட்டினால் கணக்கு ஆய்வுக்குப் போகும், 10ஐத் தொட்டால் அனுப்புவதையே நிறுத்தக்கூடும். 4 என்று தொடங்குவது தற்காலிகம். சில நிமிடம் விட்டு மறுபடி முயல வரிசை ஒன்று வேண்டும். அதனால் ஓடிபி இரண்டே நிமிடத்தில் காலாவதியாகும்படி வைப்பது தவறு. 10 நிமிடமாவது கொடுங்கள்.

வாழ்த்து மடல், சாதனை அறிவிப்பு, புதிய படிப்பு விளம்பரம் இவற்றை ஓடிபி போகும் முகவரியிலிருந்து அனுப்பாதீர்கள். வேறு துணை டொமைன், வேறு டிகேஐஎம் சாவி. விளம்பர வகைக்கு ஒரே கிளிக்கில் விலகும் தலைப்பு வரிகள் (List-Unsubscribe, List-Unsubscribe-Post) இரண்டும் வேண்டும்; விலகியவரை இரண்டு நாளுக்குள் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். ஓடிபிக்கும் ரசீதுக்கும் இது தேவையில்லை. பத்து வருடத்துக்கு முன் விண்ணப்பித்தவர்களின் பட்டியலை எடுத்துப் புதுப் படிப்புக்கு அழைப்பு அனுப்பும் யோசனை சந்தைப்படுத்தும் பிரிவிலிருந்து வந்தால் மறுத்துவிடுங்கள். அந்தப் பழைய முகவரிகளில் சில, ஸ்பேம் அனுப்புபவரைப் பிடிக்க வைத்த பொறிகளாக மாறியிருக்கலாம்.

சோதிப்பது எளிது. ஆனால் அலுவலக ஊழியரின் ஜிமெயிலில் சோதிக்காதீர்கள். அவர் முன்பே ஒருமுறை 'ஸ்பேம் இல்லை' என்று அழுத்தியிருப்பார், அவர் பெட்டியில் மட்டும் எல்லாம் ஒழுங்காக வரும். உங்களோடு தொடர்பே இல்லாத ஜிமெயில், அவுட்லுக், யாகூ கணக்கு ஒவ்வொன்றில் விண்ணப்பித்துப் பாருங்கள். ஜிமெயிலில் மெயிலைத் திறந்து மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' போனால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுக்கும் நேரே பாஸ் இருக்க வேண்டும், டிகேஐஎம் வரிசையில் உங்கள் டொமைன் பெயர் இருக்க வேண்டும். திரும்பி வந்த மெயிலில் 5.7.26 என்று இருந்தால் இந்தச் சாட்சிகள் இல்லை என்று ஜிமெயில் சொல்கிறது, 5.7.25 என்றால் தலைகீழ் டிஎன்எஸ் இல்லை.

நிர்வாகங்களிடம் தனியாக ஒன்று கேட்கிறோம். டிஎன்எஸ் கணக்கின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்று இன்றே விசாரியுங்கள். 'ஏசி டாட் இன்', 'இடியூ டாட் இன்' டொமைன்களை எர்னெட் இந்தியாதான் பதிவு செய்கிறது. அங்கே தொடர்பு முகவரியாக எப்போதோ ஓய்வுபெற்ற பேராசிரியரின் பெயரோ, வேலையை விட்டுப் போன டெவலப்பரின் சொந்த மெயிலோ இருந்தால் மேலே சொன்ன எதையும் உங்களால் செய்ய முடியாது. கணக்கு கல்லூரியின் பதவி முகவரியில், இரண்டு பேர் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். இணையதளப் பணி ஆணையில் மூன்று நிபந்தனைகள் சேருங்கள்: எஸ்எம்டிபி வழியாக மட்டுமே மெயில்; மூன்று பாஸும் தெரியும் திரைப்பிடிப்பு, மூன்று வெவ்வேறு அஞ்சல் சேவைகளிலிருந்து; அனுப்பும் சேவையின் கணக்கு கல்லூரி பெயரில். இவை கிடைத்த பிறகு இறுதித் தவணையைக் கொடுங்கள். கட்டித் தருபவர்களுக்கு ஒரு வார்த்தை: இது உங்களுக்கு எதிரான நிபந்தனை அல்ல. பதிவுகளைப் போட அரை நாள் வேலை. போடாமல் விட்டால் சேர்க்கைக் காலம் முழுக்க ராத்திரி வரும் போன்களை நீங்கள்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

நேரக் கணக்கும் முக்கியம். விண்ணப்பம் திறக்க ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். மாற்றுவதற்கு முந்தைய நாள் டிஎன்எஸ் பதிவுகளின் டிடிஎல்லை (மற்ற சர்வர்கள் பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 வினாடிக்குக் குறைத்தால் தவறைத் திருத்துவது சுலபம். புது டொமைன் அல்லது மாதக்கணக்கில் தூங்கிய டொமைன் என்றால் முதல் நாளே பத்தாயிரம் அனுப்பாமல், இப்போது படிக்கும் மாணவர்களுக்குப் போகும் வழக்கமான அறிவிப்புகளைக் கொண்டு சில நூறில் தொடங்கி ஏற்றிக்கொண்டு வாருங்கள். டிமார்க் கொள்கையை 'ரிஜெக்ட்' ஆக்கும் வேலையை மட்டும் கலந்தாய்வு முடியும் வரை தொட வேண்டாம். ஆகஸ்ட், செப்டம்பரில் அறிக்கைகளை ஒருமுறை பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

இப்படிக்கு,
மெயில் சர்வர் பராமரிப்பில் இருக்கும் சிலர்